வாராந்திரக் குழுவா, தனிப் பயிற்சியா, விளையாடும் இடத்திலேயே உதவியா?

முதுகில் பந்து பட்டதும் ஒரு சிறுவன் திரும்பி அடித்துவிடுகிறான். அந்தச் சில நொடிகளுக்குள் ஆறு படிகள் அடங்கியிருப்பதாக உளவியலாளர்கள் கிரிக், டாட்ஜ் இருவரும் 1994-இல் விளக்கினார்கள்: நடந்ததைக் கவனிப்பது, அதற்குப் பொருள் கொள்வது, தனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பது, வழிகளை யோசிப்பது, ஒன்றைத் தேர்வது, செய்வது. குழந்தை எந்தப் படியில் தடுக்குகிறது என்று பார்க்காமல், பிறரோடு பழகும் சமூகத் திறன் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும்.

எளிதில் கைநீட்டும் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டாம் படியில் தடுக்குகிறார்கள்: "வேணும்னேதான் அடிச்சான்!" ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) உள்ள குழந்தைகளில் பலருக்கு முதல் படியும் கடைசிப் படியும்தான் சிக்கல். உட்காரவைத்துக் கேட்டால் சரியான பதிலைச் சொல்வார்கள். விளையாட்டுச் சூட்டில் அது கைக்கு வராது.

வாராந்திரக் குழுப் பயிற்சியில் ஒத்திகை பார்க்கச் சக குழந்தைகள் கிடைப்பார்கள். ஆனால் அங்கே கற்றது அந்த அறையோடு நின்றுவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஏடிஹெச்டி குழந்தைகளுக்குச் சமூகத் திறன் பயிற்சி பலன் தருவதாக உறுதியான சான்று இல்லை என்றது. முரட்டுக் குழந்தைகளை மட்டும் ஒன்றாக உட்கார வைத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவனின் குறும்புக்கு மற்றவர்கள் சிரிப்பார்கள்; அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிவிடும். முரட்டுக் குழந்தைகளுக்காகக் குழுவாகவே நடத்தப்படும் 'கோப்பிங் பவர்' பயிற்சித் திட்டத்தின் முழு வடிவம் குழந்தைக்கு 34 அமர்வுகள், பெற்றோருக்கு 16 என்று நீள்வதைக் கவனியுங்கள். எட்டு வார வகுப்பிடம் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

கோபமும் மீறலும் முதன்மையாக இருந்தால் எங்கள் தேர்வு தனிப் பயிற்சி. உளவியலாளர் ஆலன் காஸ்டின் வகுத்த முறையில் குழந்தை பிரச்சினையைத் தீர்க்கும் படிகளை முதலில் உரக்கச் சொல்லி, பிறகு முணுமுணுத்து, கடைசியில் மனதுக்குள் சொல்லப் பழகுகிறது. விளையாட்டுகளில் தொடங்கி நிஜச் சண்டைகளுக்கு வருகிறது. 7 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் செய்து 1992-இல் வெளியான ஆய்வில், பெற்றோர் பயிற்சியும் சேர்ந்தபோதே பலன் கூடுதலாக இருந்தது. இது கெடும் இடம் ஒன்றுதான்: குழந்தை "திருப்பி அடிப்பேன்" என்றதும் பெரியவர் "தப்பு" என்று வெட்டிவிடுவது. அப்புறம் நமக்குப் பிடித்த பதிலே வரும், யோசனை வராது. நான்கு வழிகளாவது எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "அப்புறம் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள்.

செயலில்தான் தடுக்கல் என்றால் விளையாடும் இடத்திலேயே உதவுங்கள். ஒரே ஒரு நண்பன், அரை மணி நேரம், முன்பே தீர்மானித்த விளையாட்டு. தொடங்குவதற்குச் சற்று முன் ஒரே ஒரு விதியை நினைவூட்டுங்கள். அதைச் செய்த உடனே பாராட்டுங்கள். வீட்டுக்கு வந்தபின் சொல்லும் அறிவுரை எடுபடாது. உதவியைத் திடீரென நிறுத்தினால் பழக்கமும் நின்றுவிடும், சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஏடிஹெச்டிக்கான மருந்து அவசரத்தைத் தணிக்கலாம். வழிகளை யோசிக்கக் கற்றுத்தராது.

எது தடுக்குகிறது என்று அறிய, அமைதியான நேரத்தில் அந்தப் பந்துக் கதையைச் சொல்லி, "பந்து ஏன் பட்டிருக்கும்? மூன்று காரணம் சொல்லு" என்று கேளுங்கள். மூன்றும் பகையாகவே வந்தால் தனிப் பயிற்சி. "கை தவறியிருக்கும்" என்று எளிதாகச் சொல்லிவிட்டு மறுநாளும் அடித்தால், மைதானத்துக்கே போங்கள்.