பிட் டேக்கும் ரீடரும்: பாம்பு ஆய்வில் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பாம்பின் தோலுக்கடியில் செலுத்தும் அடையாளச் சில்லுதான் பிட் டேக் (PIT tag): அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஃபெரைட் தண்டில் சுற்றிய செம்புச் சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு சில்லு. பேட்டரி கிடையாது. எண்ணைப் படிக்கும் கருவியான ரீடரின் காந்தப்புலம் பட்டதும் விழித்துத் தன் எண்ணைச் சொல்லும், மறுபடி உறங்கிவிடும். தீர்ந்துபோக உள்ளே ஒன்றும் இல்லாததால் பாம்பின் ஆயுள் முழுக்க உழைக்கும். பிடித்து, அடையாளமிட்டு, விட்டு, மீண்டும் பிடிக்கும் ஆய்வுகளுக்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடைப்பது கடினம். ஆனால் வாங்குகிறவர்கள் டேக்கை ஆராயும் அளவுக்கு ரீடரை ஆராய்வதில்லை. ஆய்வு கெடுவது பெரும்பாலும் ரீடரிலும் அதைப் பிடிக்கிற கையிலும்தான்.

ஒரு கணக்கைப் பார்த்தால் காரியம் புரியும். முதல் சுற்றில் 40 பாம்புகளுக்கு டேக் போட்டு விடுகிறீர்கள். இரண்டாம் சுற்றில் 30 சிக்குகின்றன; அவற்றில் 10 ஏற்கெனவே டேக் உள்ளவை. மொத்த எண்ணிக்கையை மதிப்பிடும் லிங்கன்-பீட்டர்சன் முறைப்படி 40 × 30 ÷ 10, ஆக 120 பாம்புகள். அந்தப் பத்தில் இரண்டின் டேக்கை ரீடர் தவறவிட்டால் வகுப்பது எட்டால், விடை 150. காட்டில் இல்லாத 30 பாம்புகள் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு அந்த இரண்டு பாம்புகளுக்கும் இன்னொரு டேக் வேறு போடப்படும்.

டேக்கில் இரண்டு அளவுகள்தான் பாம்புக்காரர்களுக்குப் பொருட்டு. 12 மி.மீ. நீளம், 2.1 மி.மீ. விட்டம், ஏறக்குறைய 0.1 கிராம் எடை உள்ளது ஒன்று. 8 மி.மீ. நீளம், 1.4 மி.மீ. விட்டம், அதில் மூன்றிலொரு பங்கு எடை உள்ளது மற்றொன்று. எடையை வைத்து முடிவெடுப்பவர்கள் ஊசியை மறந்துவிடுகிறார்கள். 12 மி.மீ. டேக்கைச் செலுத்தும் 12 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 2.7 மி.மீ.க்கு மேல். பென்சில் தடிமன்கூட இல்லாத குட்டிக்கு அந்த ஓட்டைதான் ஆபத்து, 0.1 கிராம் சுமையல்ல. சின்ன டேக்குக்குச் சின்ன ஊசி போதும். அதற்குத் தரும் விலை படிக்கும் தூரம். சுருள் சிறுத்தால் தூரமும் சுருங்கும். கைரீடரை உடலோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டிவரும். வளர்ந்த பாம்புக்கு 12, சின்ன இனத்துக்கு 8 என்பதே எங்கள் பரிந்துரை. மிகச் சிறிய குட்டிகளுக்கு இரண்டுமே வேண்டாம். செதிலைக் கத்தரித்து எண் இடும் முறை 1933இலேயே அச்சில் வந்தது. இன்றும் அது வேலை செய்கிறது.

134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும், விலங்கு அடையாளத்துக்கான ஐ.எஸ்.ஓ. 11784, 11785 பன்னாட்டுத் தரத்துக்கு உட்பட்ட எஃப்.டி.எக்ஸ்-பி வகை டேக்கையே வாங்குங்கள். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் டேக்குகள் மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். பக்கத்து ஆய்வுக் குழுவின் ரீடர் அதைப் படிக்காமல் போகலாம். பொட்டலம் வந்ததும் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். அது நாட்டுக் குறியீடாகவோ தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். 999 என்று தொடங்கினால் அது சோதனைக்கு ஒதுக்கிய எண். அதே எண் வேறொன்றிலும் இருக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி ரீடர். கடையில் காட்டும்போது மேசைமேல் ஒரு டேக்கை வைத்து, ரீடரை நீட்டி, பீப் சத்தம் கேட்க வைப்பார்கள். அது சோதனையே அல்ல. டேக் உள்ளே இருப்பது கம்பிச்சுருள். புலக்கோடுகள் அதன் நீளவாக்கில் ஓடினால்தான் நன்றாக விழிக்கும். பாம்புக்குள் டேக் பெரும்பாலும் உடலின் நீளவாக்கிலேயே படுத்திருக்கும். தட்டையான ரீடரை முதுகின்மேல் தட்டையாக வைத்தால் நட்டநடுவில் புலம் உடலுக்குள் நேராக இறங்குகிறது. டேக்குக்கு அது குறுக்குவாட்டு. எண் வராது. ரீடரின் ஓரத்தில், புலம் வளைந்து படுக்கிற இடத்தில்தான் வரும். அசையாமல் பிடித்துவிட்டு "டேக் இல்லை" என்று எழுதுவதற்கு இதுவே முதல் காரணம். வளைய ரீடராக இருந்தால் வளையத்தை உடலுக்குக் குறுக்கே நிறுத்தித் தலைப்பக்கத்திலிருந்து வால்வரை மெல்ல நகர்த்துங்கள். பையில் சுருண்டிருக்கும் பாம்பில் டேக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று தெரியாது. மேல், கீழ், இரண்டு பக்கம், ஒவ்வொன்றிலும் ரீடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே "இல்லை" என்று எழுதலாம். உடல் முழுக்கத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விலங்குக் காட்சிச்சாலை மருத்துவர்கள் கழுத்தருகே போடுவது வழக்கம், கள ஆய்வாளர்கள் பின்பகுதியில்.

உலோகம் ரீடரின் எதிரி. இரும்பு மேசை, எடைபோடும் அலுமினியத் தட்டு, பக்கத்தில் சாய்த்து வைத்த பாம்புக் கொக்கி, எல்லாம் தூரத்தைக் குறைக்கும். மடிக்கணினித் திரையும் ஓடுகிற எஞ்சினும் இரைச்சல் கிளப்பும். அக்ரிலிக் குழாய் தடையே இல்லை. பேட்டரி இறங்கும்போது எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு முன்பே தூரம் குறையத் தொடங்கிவிடும். ஒரு டேக்கைப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, அளவுகோலில் ஒட்டி, தினமும் காலையில் எத்தனை சென்டிமீட்டரில் படிக்கிறது என்று குறித்து வையுங்கள். நேற்று 12, இன்று 7 என்றால் களத்துக்குப் போகுமுன் பேட்டரியை மாற்றுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

இந்த வகை டேக்குகளுக்கு ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கத் தெரியாது. இரண்டு ஒரே புலத்தில் அகப்பட்டால் இரண்டும் சேர்ந்து கத்தும். எதுவும் புரியாது, அல்லது அருகில் இருப்பது மட்டும் கேட்கும். பக்கத்துப் பக்கத்தில் பைகளை வைத்துப் படிக்காதீர்கள். ராஜநாகம்போலப் பாம்பையே தின்னும் இனங்களில் இது வேடிக்கையாகிவிடும்: ரீடர் சொல்வது வயிற்றுக்குள் போனதன் எண்ணாக இருக்கலாம். வயிறு உப்பியிருக்கிற பாம்பு "முன்பு பிடித்ததுதான்" என்று காட்டினால், பழைய பதிவில் உள்ள இனத்தையும் நீளத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நஞ்சில்லாப் பாம்புக்குக் கால்நடை மருத்துவமனையில் பயன்படும் தட்டை ரீடரே போதும். விரியன், நாகம் என்று போகிறவர்கள் நீண்ட கம்பு முனையில் வளையம் பொருத்திய ரீடரைத்தான் வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வளையம் பாம்பருகே இருக்கும், கை எட்டாத் தொலைவில் இருக்கும். கல்லிடுக்கில் கிடப்பதை வெளியே இழுக்காமலே யார் என்று கேட்டுக்கொள்ளவும் முடியும்.

செலுத்தும் வேலை பழகியவருக்கு ஒரு நிமிடம், பழகாதவருக்குச் சிக்கல். உரிய அனுமதியும் பயிற்சியும் இல்லாதவர் செய்யும் வேலையல்ல. நஞ்சுள்ளதைத் திரும்ப இடமில்லாத அகலமுள்ள தெளிவான குழாய்க்குள் ஏற்றி, முன்பகுதி உள்ளே போனதும் குழாயின் வாயையும் உடலையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். பின்பகுதிதான் கைக்கு வருகிறது. களத்தில் டேக் அங்கே போவதற்கு இதுவே காரணம். குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் துடைத்து, ஊசியின் சாய்வெட்டு மேலே பார்க்க, தலையை நோக்கி, மிகச் சாய்வாக. செதிலின் விளிம்பு பின்னோக்கி இருப்பதால் பின்னாலிருந்து போகும் ஊசி செதிலுக்கு அடியில் நுழையும். முன்னாலிருந்து வந்தால் செதிலைத் துளைக்கும். டேக்கை ஓட்டையிலிருந்து சிறிது முன்னே தள்ளி, ஊசியை எடுத்ததும் விரலால் அழுத்தி, ஒரு சொட்டுத் திசுப்பசை. இந்தச் சொட்டை மிச்சம் பிடித்தால் டேக் வந்த வழியே வெளியேறிவிடும்.

தோலுக்கடியிலேயே நிறுத்துவது நல்லது. உடற்குழிக்குள் போனது குடல்வழியே வெளியேறும் வாய்ப்பு உண்டு. ஆஸ்திரேலிய மலைப்பாம்புகள் உடற்குழியில் வைத்த ரேடியோ டிரான்ஸ்மிட்டர்களையே அப்படி வெளியேற்றியது 2002இல் ஆய்விதழில் பதிவானது. முட்டையோ குட்டியோ சுமக்கும் பெண்ணுக்கும், இரை விழுங்கியதற்கும் தள்ளிப்போடுங்கள். ஒரு பாம்புக்கு ஓர் ஊசி, அவ்வளவுதான். ஊசி மழுங்குவது ஒருபுறம். ஒஃபிடியோமைசெஸ் பூஞ்சை பாம்புக்குப் பாம்பு பரவும் காலத்தில் ஊசியைத் திரும்பப் பயன்படுத்துவது ஆய்வாளரே நோயைக் கொண்டுசேர்ப்பதாகும். கிருமி நீக்கி, டேக் ஏற்றியே வரும் தனித்தனி ஊசிப் பொதிகளைத்தான் நாங்கள் சொல்வோம். பொதியைப் பிரிக்கும்முன் ஒருமுறை, செலுத்தியபின் ஒருமுறை, விடும்முன் ஒருமுறை எண்ணைப் படியுங்கள். ஊசிக்குள் இருக்கும்போது உலோகம் மறைப்பதால் எண் வரத் தாமதமானால் பதற வேண்டாம்.

டேக்கை மட்டும் நம்புவதும் தப்பு. விழுந்துபோனது எத்தனை என்று அறிய இரண்டாவது அடையாளம் வேண்டும்: ஒரு செதில் வெட்டு, அல்லது தலைச்செதில்களும் முதுகு வடிவமும் தெரியும் படம். செதில் வெட்டு இருக்கிறது, டேக் இல்லை என்றால் அது இழப்பு. புதுப் பாம்பு அல்ல. பாம்பு எங்கே போகிறது, எந்தப் பொந்தில் உறங்குகிறது என்பதற்கு டேக்கிடம் பதில் இல்லை. அதற்கு ரேடியோ டிரான்ஸ்மிட்டர்தான் வழி.

கடைசியாக, எண் எழுதும் சங்கதி. 15 இலக்கத்தைக் கையால் எழுதினால் என்றைக்காவது ஒன்று பிசகும். பொதியோடு வரும் பட்டைக்குறி ஒட்டிகளில் ஒன்றைக் களத்தாளிலும் ஒன்றைப் பதிவேட்டிலும் ஒட்டிவிடுங்கள். ரீடரில் நினைவகம் உள்ளதா, ஐ.பி. 67 அளவுக்கு நீர் தாங்குமா, உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். சில ரீடர்கள் ஒரே டேக்கைப் பதின்ம எண்ணாகவும், எழுத்தும் இலக்கமும் கலந்த பதினறும எண்ணாகவும் காட்டவல்லவை. நடுவில் யாராவது அமைப்பை மாற்றிவிட்டால் பழைய பாம்புகள் எல்லாம் அட்டவணையில் புதிதாகப் பிறந்துவிடும். முதல் நாளே ஒன்றைத் தேர்ந்து, ரீடரின் முதுகில் ஒட்டி வையுங்கள்.