மாடி ஏறினால்தான் முழங்கால் பயிற்சி

இந்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைவிட டேப்லெட்டைத்தான் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். மகளுக்கு ஒரு கார்ட்டூன் தொடர், எனக்கு இரண்டு படம். எல்லாவற்றுக்கும் டவுன்லோட் முடிந்து டிக் விழுந்த பிறகுதான் தூங்கப் போனேன். ஊர் வீட்டில் வைஃபை கிடையாது, மொபைல் சிக்னலும் மொட்டை மாடியில் மட்டும்தான் ஒழுங்காக எடுக்கும். போன முறையே பட்டுத் தெரிந்துகொண்டது.

விமானத்தில் ஒரு குறையும் இல்லை. இறங்கி, போனில் உள்ளூர் சிம்மைப் போட்டு, டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். நெட் வந்த நிமிஷமே செயலி நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டது. கார்ட்டூன் முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. படங்களின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். ஏறிய இடத்தில் இருந்த உரிமை இறங்கிய இடத்தில் இல்லை. இதை ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? இன்னொரு செயலி என்னை வெளியே தள்ளிவிட்டு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அது போனது வெளிநாட்டு எண்ணுக்கு. அந்த சிம் பர்ஸுக்குள் பிளாஸ்திரி ஒட்டிய காகிதத்தில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் பொழுதுபோக்கு, போகட்டும். அப்பா விஷயம் வேறு.

அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்யவேண்டும். நல்ல பயிற்சி வீடியோ ஒன்றைச் சித்தி மகன் தேடிப் பிடித்து, அப்பாவின் போனில் ஒரு வீடியோ செயலியில் சேமித்துக் கொடுத்திருந்தான். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை, இணையத்தோடு இணைத்தால்தான் திறப்பேன் என்று நின்றுவிட்டது. இணைக்க வேண்டுமானால் மாடிக்குப் போக வேண்டும். மாடிப்படி ஏறுவதற்குத்தான் அந்தப் பயிற்சியே.

"ஃபைல் மேனேஜர்ல எல்லா ஃபோல்டரும் தேடிட்டேன்ணா, அந்த வீடியோ எங்கயுமே இல்ல" என்றான் சித்தி மகன். இருக்காது. செயலிக்குள் டவுன்லோட் அழுத்தும்போது நமக்கு வருவது பூட்டிய பெட்டி, சாவி செயலியிடம். செயலி தனக்கென்று வைத்திருக்கும் இடத்தில், வேறு எதாலும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து போட்டு வைக்கும். இன்னொரு போனுக்கு மாற்ற முடியாது, மெமரி கார்டில் எடுத்துப்போய் டிவியில் போட முடியாது. அவ்வப்போது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுக்கொண்டுதான் திறக்கும். சில படங்களுக்குப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து 48 மணி நேரம்தான் ஆயுள். யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவில் இந்த வசதியைக் கொண்டுவந்தது, நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பரில். அந்த நாளிலிருந்தே இது இரவல்தான். 'டவுன்லோட்' என்ற பழைய சொல்லைப் போட்டுவிட்டதால் நாம் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அவன் அடுத்து செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கோ கிடைத்த ஏபிகே ஒன்றை, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நேரடியாக ஏற்றும் செயலிக் கோப்பை, 'எந்த வீடியோவையும் இறக்கும்' என்பதை நம்பி, அப்பா போனில் ஏற்றியிருந்தான். வீடியோ இறக்கும் செயலிக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? வங்கி ஓடிபி வரும் போன் அது. முதல் வேலையாக அதை நீக்கினேன்.

வழி கிடைத்தது பிசியோதெரபிஸ்ட் வந்த அன்று. "நீங்க செய்து காட்டுறதை அப்படியே எடுத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். சட்டை காலரைச் சரிசெய்துகொண்டு, "தாராளமா" என்றார். கட்டிலோரம் உட்கார்ந்து, கால் நீட்டி, ஐந்து எண்ணி, மடக்கி, 12 நிமிடம். என் போனில் 1080பி என்ற உயர் தெளிவில் எடுத்தது ஒன்றரை ஜிபி ஆகிவிட்டது. அப்பாவின் போனில் அவ்வளவு இடம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பவும் மனமில்லை. மடிக்கணினியில் வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருந்தது. தெளிவை 480பிக்குக் குறைத்து, காட்சிக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தேன். கணக்கு எளிது: 720 நொடி, 720 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 90 எம்பி, ஒலி தனி. கால் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று தெரிய இது போதும். எண்ணுகிற குரல் தெளிவாக இருப்பதுதான் முக்கியம் என்று ஒலியில் மட்டும் கை வைக்கவில்லை.

கேபிளில் அப்பா போனுக்கு மாற்றி, விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டு, முகப்புத் திரையில் வேறெதுவும் இல்லாமல் அதன் ஐகானை மட்டும் நடுவில் வைத்தேன். ஏர்பிளேன் மோடில் போட்டு ஓட்டிக் காட்டியதும்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. இன்னொரு பிரதி மெமரி கார்டில்.

மகளுக்கு? டேப்லெட்டை மாடிக்குத் தூக்கிப் போய், அங்கே கிடைக்கிற கார்ட்டூனைப் புதிதாக இறக்கினேன். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன்.

பதிவை வெட்டாமல் விட்டதில் ஒரு சின்ன சங்கதி. கடைசி நொடிகளில் அப்பாவின் குரலே வருகிறது: "இன்னைக்கு இது போதுமா சார்?" அதற்குப் பதில் வருவதற்குள் வீடியோ முடிந்துவிடும். இப்போது தினமும் இரண்டு வேளை அந்த இடம் வரும்போது, அப்பா தானே "போதும், போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை அணைக்கிறார்.