நெட்வொர்க் கார்டு பழுது என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். கோளாறு அவர்கள் இழுத்த கேபிளில்

எங்கள் மருந்து மொத்த விற்பனைக் கடையில் ஒரே ஒரு சர்வர். பில், இருப்பு, கணக்கு எல்லாம் அதில்தான். கடையை இடம் மாற்றியபோது, பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனமே கேபிள் இழுத்து, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் வைத்துக் கொடுத்தது. அன்றிலிருந்தே பில் திரை உறைந்து உறைந்து நின்றது. இரவு தொடங்கும் 40 ஜிபி பேக்கப், காலையில் கடை திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் பிங் (சிறு தரவை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்துக் காட்டினார். ஒன்றும் தவறவில்லை. "லைன் சரியாக இருக்கிறது சார், சர்வர் கார்டுதான் போய்விட்டது" என்றார். 4,800 ரூபாய் கொடுத்துப் புதிய கார்டு போட்டோம். அதே நிலைதான். அடுத்த வாரம், சர்வரையே மாற்ற வேண்டும் என்று 2,60,000 ரூபாய்க்கு விலைப்புள்ளி வந்தது.

நல்லவேளை, அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். சர்வர் பராமரிப்புதான் அவன் வேலை. இணைப்பின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைத் தட்டினான்: வேகம் 100 (நொடிக்கு மெகாபிட்), டூப்ளெக்ஸ் ஹாஃப், அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே அனுப்ப முடியும். "மாமா, இங்கே ஹாஃப் என்று வரவே கூடாது" என்றான். ஸ்விட்சின் அமைப்புத் திரையைத் திறந்து பார்த்தால், சர்வர் இணையும் போர்ட்டை மட்டும் 100 ஃபுல் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம்) என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு பக்கம் பூட்டிவிட்டால், ஆட்டோவில் (இரு பக்கமும் தாமாகவே பேசி முடிவு செய்யும் முறை) இருக்கும் மறுபக்கம் வேகத்தை மட்டுமே கண்டுபிடிக்கும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃபுக்கு இறங்கிவிடும். ஸ்விட்ச் நினைத்தபோதெல்லாம் அனுப்பும். சர்வர் அதை மோதல் என்று எண்ணித் தன் தரவைப் பாதியில் நிறுத்திவிடும். பிங் ஒன்று போய் ஒன்று திரும்புவதால் தப்பித்துவிடுகிறது. பெரிய கோப்பு ஓடும்போதுதான் வண்டவாளம் தெரியும். எங்கள் சர்வரில் லேட் கொலிஷன் (தாமதமாக வரும் மோதல்) எண்ணிக்கை கண்ணெதிரே ஏறியது. ஸ்விட்ச் பக்கம் சிஆர்சி பிழைகள், அதாவது சிதைந்து வந்த தரவு. எந்தக் கார்டைப் போட்டிருந்தாலும் இதே கதிதான். 4,800 ரூபாயும் தண்டம்.

போர்ட்டை ஆட்டோவுக்கு மாற்றினோம். இணைப்பு விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. அவன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான். நீலமும் பழுப்பும் பக்கவாட்டில் பிரிந்து இன்னொரு பிளக்கில் ஏறி, பக்கத்திலிருந்த கேமரா பெட்டிக்குப் போயிருந்தன. ஒரே கேபிளைப் பிளந்து இரண்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். பில்லில் இரண்டு கேபிளுக்கு விலை! 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி கம்பி போதும். 1999இல் வந்த கிகாபிட் (1000 வேக) தரத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஆட்டோவில் விட்டால் லிங்க் (இணைப்பு) வராது என்று தெரிந்துதான் போர்ட்டைப் பூட்டி விளக்கை எரியவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேமராவுக்குத் தனிக் கேபிள் இழுத்து, சர்வர் கேபிளில் எட்டுக் கம்பியையும் சேர்த்து, இரு பக்கமும் ஆட்டோவில் விட்டோம். 1000 ஃபுல். அன்றிரவு பேக்கப் 12 நிமிடத்தில் முடிந்தது.

கார்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் சர்வர், ஸ்விட்ச் இரண்டிலும் வேகமும் டூப்ளெக்ஸும் என்னவென்று திரையில் காட்டச் சொல்லுங்கள். பிளக்கில் எட்டுக் கம்பியையும் நீங்களே எண்ணுங்கள்.

பழைய கார்டை வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தோம், குறையே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "லைட் எரிந்ததே சார்" என்கிறார்கள். ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டேன். பிளக்கின் படத்தோடு அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.