மலைக்குப் போகிறவர்கள் இந்த 650 ரூபாய் தையல் பெட்டியை வாங்காதீர்கள்

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி மாவட்டம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய்க் குடில் போட்டுத் தங்குவது எங்கள் குடும்ப வழக்கம். இந்தத் தடவை கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, டெண்டு, டார்ச், மலையேறும் பை எல்லாம் விற்கிற ஒரு கடைக்கு ஜங்ஷன் பக்கம் போனேன். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. பொருளைச் சொல்கிறேன், பார்த்தால் உங்களுக்கே தெரியும்: கறுப்பு உறை, ஆரஞ்சு ஜிப், மேலே மலைப்படம், உள்ளங்கை அளவு. சுற்றி இறுக்கமாகப் பிளாஸ்டிக் சீல்.

“மலைக்கா போதீய அண்ணாச்சி? ஊசி, நைலான் நூலு, பசை, டேப்பு எல்லாம் உள்ள இருக்கு. இது ஒண்ணு இருந்தாப் போதும்.”

திறந்து பார்க்கலாமா என்றேன். “சீல உடைச்சா அப்புறம் யாரு வாங்குவா?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. பில் கேட்டதற்கு, “போட்டா ஜிஎஸ்டி சேருமே” என்று இழுத்தார். சரி என்று ஜிபேயில் 650 ரூபாய் அனுப்பிவிட்டு வந்தேன். என் முட்டாள்தனம் அந்த இடத்தில்தான் ஆரம்பம்.

அமாவாசைக்கு முந்தின ராத்திரி சாரலும் காற்றும் பிடித்துக்கொண்டன. தார்ப்பாயின் ஒரு மூலையில் இருந்த வளையம் பிய்த்துக்கொண்டு போனது. சாமான்களை உள்ளே இழுக்கும் அவசரத்தில் பெரிய பையின் தோள்பட்டை வாரும் தையல் விட்டுக் கையோடு வந்தது. பெட்டி இருக்கிறதே என்று டார்ச் வெளிச்சத்தில் சீலை உடைத்தேன்.

ஐந்து ஊசி, ஐந்தும் சட்டைப் பித்தான் தைக்கிற ஊசி. இரண்டு மடிப்பு நைலான் வாரில் குத்தினால் முதல் ஊசி காதுப்பக்கம் வளைந்தது. இரண்டாவது முறிந்து பெருவிரலில் ஏறியது. ஆறு நிறத்தில் நூல் அட்டையில் சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு முழம்கூடத் தேறாது. லேசாக இழுத்ததும் அறுந்தது. பசை டியூபைக் குண்டூசியால் குத்தினால் உள்ளே கல். டேப்பும் ஒட்டவில்லை. ஈரத்தில் சாதாரண டேப் ஒட்டாது, அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டினேன், அப்போதும் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது.

பக்கத்துக் குடிலில் முக்கூடல் ஆச்சி ஒருவர். “என்னய்யா, இந்நேரத்துல ஊசியோட மல்லுக்கட்டிட்டு இருக்க?” என்று கேட்டுக்கொண்டே ஒரு தகர டப்பாவோடு வந்தார். உள்ளே ஒரு கோணி ஊசி, தடித்த நைலான் நூல், மெழுகுவத்தித் துண்டு, பீடி இலை வெட்டுகிற கத்தரி. அவ்வளவுதான். நூலை இரட்டையாக்கி மெழுகில் இரண்டு தடவை இழுத்தார். முந்தானையை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஊசியின் தலையை அமுக்கினார். வாருக்குள் ‘சர்க்’ என்று இறங்கியது. பெட்டி போல நாலு பக்கமும் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல ஒரு தையல். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பையைத்தான் இன்றைக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

தார்ப்பாய்க்கு ஊசியே வேண்டாம் என்றான் ஆச்சியின் பேரன். ஆற்றிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு கூழாங்கல் எடுத்து வந்தான். பிய்ந்த மூலைக்குச் சற்று உள்ளே தள்ளி அதை வைத்து, பாயால் மூடி, கழுத்தை நெரிப்பது போலக் கயிற்றால் சுற்றிக் கட்டினான். கல் உள்ளே இருக்கும்வரை கயிறு நழுவாது. விடியவிடிய அசையவில்லை.

காலையில் அதே கோவிலில் உள்ள பட்டவராயன் சன்னதியில், காணிக்கையாகத் தொங்கும் தோல் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் பார்த்தால் அவை தேய்ந்திருக்கும், சாமி போட்டு நடப்பார் என்பது நம்பிக்கை. நல்லவேளை, அவருக்குச் செருப்புத் தைக்க யாரும் இந்தப் பெட்டியை விற்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நூலில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். நைலானோ பாலியஸ்டரோ என்றால் சுருங்கி உருகி முனையில் கெட்டியாகக் குண்டு பிடிக்கும். இது காகித வாடையோடு எரிந்து சாம்பலானது. பருத்தி. நனைந்து நனைந்து கிடந்தால் பருத்தி நூல் மக்கிப்போகும், மலைக்கு ஆகவே ஆகாது. உறையில் நைலான் என்று போட்டிருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனால், “சீலு உடைச்சாச்சே அண்ணாச்சி, எடுக்க முடியாது” என்றார். திறக்காமல் பார்க்க முடியாது, திறந்தால் திருப்ப முடியாது. இந்தக் கூத்து எப்படி இருக்கிறது பாருங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருஷம் இருக்க வேண்டும். அந்த விலையிலேயே எல்லா வரியும் அடக்கம், ஜிஎஸ்டி தனியாகச் சேராது. என் பெட்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. வாங்கும்போது திருப்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லியிருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதும் பெட்டியின் படங்களும்தான் கையில் இருக்கின்றன.

இப்போது என் டப்பாவை டவுனில் அலைந்து நானே சேர்த்துவிட்டேன், 200 ரூபாய்க்குள் முடிந்தது. கோணி ஊசி இரண்டு, நடுத்தர ஊசி நாலு. துரு ஏறாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியில் குத்தி வைத்திருக்கிறேன். தடித்த பாலியஸ்டர் நூலை முழுக் கண்டாக எடுக்காமல் பழைய பேனாவில் சுற்றிக்கொண்டேன், அதன் மேலேயே துணி டேப்பும். மெழுகு, ஊக்கு, தார்ப்பாய்த் துண்டு. உடனே ஒட்டும் பசை புதிதாக ஒன்று, ஆனால் பருத்தித் துணியில் அதை ஊற்றிவிடாதீர்கள், சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

ஒரு சின்னக் கொறடும் வைத்திருக்கிறேன். ஜிப் பல் பிடிக்காமல் வாய் பிளந்தால் பெரும்பாலும் ரன்னர்தான், அதாவது ஜிப்பில் நாம் பிடித்து இழுக்கிற தலைதான், தளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் மெல்ல நெருக்கினால் பிடித்துக்கொள்ளும். ரன்னரே போய்விட்டால் அதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் கேளுங்கள். பைகளுக்குப் பெரும்பாலும் 5 வரும்.

கத்தரி மட்டும் முக்கூடலில் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். 1915-லிருந்து பதில் வந்தால் இதே பதிவில் சேர்க்கிறேன். நேற்று அந்தப் பக்கம் போனேன், பெட்டி இன்னும் கடை வாசலில்தான் தொங்குகிறது.