சவரக்கத்தியில ஷேவ் எடுக்கப் பழகி ரெண்டு வருசம்: வெள்ளவத்தையில இருந்து என்ட அனுபவம்

லண்டன்ல இருக்கிற மச்சான் லீவில வரேக்க ஜெர்மனியின்ட சோலிங்கன் ஊரில செய்த பழைய நீட்டுச் சவரக்கத்தி ஒண்டு கொண்டு வந்து தந்தவர், 5/8 அங்குல அகலம், கார்பன் ஸ்டீல் (செக்-இன் பெட்டிக்குள்ள தான் போட வேணும், கைப்பையில விடமாட்டாங்கள்). அதில தான் ரெண்டு வருசமா ஷேவ் எடுக்கிறன். வாங்க யோசிக்கிற ஆக்கள் முதல்ல கேக்க வேண்டியது கல்லில தீட்டி ஷேவ் எடுக்கிற பதத்தில தருவீங்களோ எண்டு தான், ஏனெண்டா பெட்டியால எடுத்த உடன முகத்தில வைக்கக்கூடிய மாதிரி எல்லாக் கத்தியும் வராது, மொட்டைக் கத்தியில பழகத் துவங்கினா ரெண்டாம் நாளே வெறுத்துப்போகும்.

முதல் மாசம் ரெண்டு கன்னம் மட்டும் தான் எடுத்தன், மிச்சம் வழமையான ரேசரால. கத்தி தோலோட கிட்டத்தட்ட 30 பாகையில சரிஞ்சு நிக்க வேணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாகை அளக்க ஏலாது. கத்தியின்ட முதுகை (கூருக்கு எதிர்ப்பக்கம்) கன்னத்தில அப்பிடியே படுக்க வச்சிட்டு, முதுகின்ட தடிப்பைப் போல ஒண்டரை ரெண்டு மடங்கு தூக்கினா சரி. நிமித்திப் பிடிச்சா வெட்டும், படுத்தா முடியை இழுக்கும்.

எனக்கு உண்மையா வழி காட்டினது கொட்டாஞ்சேனையில நான் சின்னனில இருந்து முடி வெட்டுற சலூன் ஐயா. அவரும் இப்ப பிளேட்டை ரெண்டா முறிச்சு மாத்தி மாத்திப் போடுற கத்தி தான் பாவிக்கிறார், ஆனா தொழில் பழகினது நீட்டுக் கத்தியில. என்ட கழுத்தில இருந்த கீறலைப் பாத்திட்டு, "தம்பி, கத்திய அழுத்தாதீங்க, மத்த கையால தோல நல்லா இழுத்துப் புடிங்க" எண்டு சொல்லி, காதுக்கு முன்னால ரெண்டு விரலை வச்சு மேல இழுத்துக் காட்டினார். அடுத்த நாள் அப்பிடியே செய்து பாத்தன், கன்னம் மேளத்தோல் மாதிரி இறுகி நிக்க கத்தி தன்ட பாரத்திலயே இறங்கிச்சு, முடி அறுபடுற சத்தம் சரசரவெண்டு காதுக்கு வடிவாக் கேட்டுது. அதுக்குப் பிறகு கழுத்தில வெட்டு மிகக் குறைவு. வெட்டினாலும் ஈரத்தில சீனக்காரம் (படிகாரம்) தேச்சா ரத்தம் நிண்டுடும்.

இன்னொண்டு, ஷேவ் எடுக்கேக்க ஃபேனை நிப்பாட்டுங்கோ. நுரை காஞ்சா கத்தி வழுக்காது, தோல் எரியும். வேர்த்தாலும் பரவாயில்லை.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன், துரு. எங்கட வீடு கடலுக்குக் கிட்ட, யன்னல் கிறில்லே வருசத்துக்கு ஒருக்கா பெயிண்ட் கேக்கும். முதல் வருசம் ஜூன் மாச மழைக்குள்ள கத்தியை நாலு நாள் பாத்ரூம் தட்டில வச்சிட்டு மறந்திட்டன், எடுத்துப் பாத்தா கூருக்குப் பக்கத்தில மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. மேலால இருந்தது துடைக்கப் போச்சு, கூரில இருந்த ஒண்டு குழியாவே இருந்துது, திரும்ப அடியில இருந்து கல்லில தீட்ட வேண்டி வந்திட்டு. சரியான கவலை எனக்கு. இப்ப ஷேவ் முடிஞ்ச உடன டிசுவால ஒத்தி, தோல் வாரில (கூரைச் சீராக்கிற தோல் பட்டி) பத்துத் தரம் இழுத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி, சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா பைக்கெட் போட்ட டின்னுக்குள்ள வைக்கிறன். அறைக்குள்ள, பாத்ரூமில இல்லை. அதுக்குப் பிறகு ஒரு புள்ளியும் வரேல்ல.

வார் எண்டோன்ன ஞாபகம் வருது, திருப்பேக்க முதுகு வாரிலயே இருக்க கூர் மேலால திரும்ப வேணும், கூர் கீழால திரும்பினா வார் கிழியும். என்ட முதல் வாரில மூண்டு வெட்டு. பழக மலிவான வார் ஒண்டு வாங்குங்கோ. ஷேவுக்கு முதல் 40, 50 தரம் மெதுவா இழுத்தாக் காணும், வேகம் தேவையில்லை.

முந்தி 40 நிமிசம் எடுத்தது இப்ப 20க்குள்ள முடியுது. ஞாயிறும் புதனும் தான் கத்தி, வேலைக்கு ஓடுற நாளில சாதாரண ரேசர். தாடை வளைவு மட்டும் இன்னும் எனக்கு முழுசாப் பிடிபடேல்ல, அதில முடி வளருற பக்கமா ஒருக்கா எடுத்திட்டு விட்டுடுறன்.