ஷண்ட் வைத்தவருக்கு வாந்தி வந்தால் ‘கேஸ்’ (வாயுத் தொல்லை) என்று சொல்லி அனுப்ப விடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் மூளைக் கட்டிக்காக ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கும் குழாய்) வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் யார் இருந்தாலும் அவர்கள் வீட்டார் இதை அவசியம் படியுங்கள்.

என் ஆத்தாவுக்குக் காது நரம்பில் கட்டி. ஷ்வான்னோமா என்பார்கள். புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும். “சாதாக் கட்டிதான்” என்று கேட்டதும் வீடே நிம்மதியானது. ஆனால் ஆபத்து நீரில் இருந்தது. மூளைக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி நீர் சுரக்கிறது. ஒரு நேரத்தில் தங்குவது ஏறத்தாழ 150 மில்லிதான். மற்றது வடிந்து ரத்தத்தில் கலக்க வேண்டும். கட்டி வழியை அழுத்தினால் தேங்கிவிடும். இந்த வகைக் கட்டி அந்த நீரில் புரதத்தையும் கூட்டிவிடும் என்பதால், கட்டியை எடுத்த பிறகும் சிலருக்குத் தேக்கம் நிற்பதில்லை.

ஆத்தாவுக்கும் அப்படித்தான். காதுக்குப் பின்னால் வால்வு, அங்கிருந்து தோலுக்கு அடியிலேயே வயிறுவரை குழாய். அதற்கு முன் வளவில் தூண் தூணாகப் பிடித்து, காலைத் தரையோடு தேய்த்து நடந்தவர், ஷண்ட் வைத்த பிறகு தானாகவே அடுப்படிக்குப் போய்வந்தார். அறுவை சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை.

குறை அதற்கப்புறம்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தையலை நனைக்காதீர்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார்கள். குழாய் அடைத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம், அப்போது என்னென்ன தெரியும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து, காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி. அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஆச்சிக்கு கேஸ்தான்” என்றார். “சார், தலையில ஷண்ட் இருக்கு, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திருங்க” என்றேன். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். “தையல் நல்லா ஆறிருச்சே, அது பாட்டுக்கு வேலை செய்யும்” என்றார். தையல் ஆறியதற்கும் உள்ளே நீர் வடிவதற்கும் என்ன சம்பந்தம்? குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, பில்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆத்தாவை எழுப்பவே முடியவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே உடனே சி.டி. எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டார்கள். நீர் அறைகள் வீங்கியிருந்தன, வால்வு அடைத்திருந்தது. அன்றைக்கே மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் நேற்று வந்து போனவர்கள் யார் என்று கேட்டால் இப்போது தடுமாறுகிறார்.

மதுரை டாக்டர் முதலில் கேட்டதே “பழைய வால்வு எந்த மாடல்?” என்றுதான். டிஸ்சார்ஜ் தாளில் ‘ஷண்ட் வைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. வால்வின் பெயரையும் அழுத்த அளவையும் எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். அளவை வெளியிலிருந்தே மாற்றும் வகை வால்வுகளில் சிலவற்றை எம்.ஆர்.ஐ. காந்தம் மாற்றிவிடும், எடுத்த பிறகு சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன் படங்களையும் கையோடு வாங்கி வையுங்கள். தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், நடை தடுமாற்றம், காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டே எழுத்தில் கேட்டிருக்கிறோம். கெடு தாண்டிவிட்டது, இன்னும் ஒரு தாள்கூட வரவில்லை.