மாங்காய் மண்டிக்கு எந்த கேஸ் சென்சார்: டின் ஆக்சைடா, கார்பன் நானோ குழாயா?

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது, "கல் வச்சதா?" என்றுதான். கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. பழுக்கும்போது பழமே வெளிவிடும் எத்திலீன் வாயுவை விட்டுப் பழுக்க வைக்கலாம், 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அனுமதி. அந்த எத்திலீனை ஒயர் இல்லாமல் அளந்து சொல்லும் குட்டி சென்சார் வேண்டுமென்றால் எதை எடுப்பது?

டின் ஆக்சைடு (வெள்ளீய ஆக்சைடு) பழைய ஆள். நுண்துகள் பூச்சின் மேல் வாயு பட்டால் மின்தடை குறையும். விலை மலிவு, எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே கிடைக்கும். ஆனால் 200 முதல் 400 டிகிரி வரை சூடு ஏறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாதாரண வகையில் ஹீட்டர் மட்டுமே முக்கால் வாட் இழுக்கும். ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியில் மொத்தம் இருப்பதே சுமார் 0.67 வாட்-மணி, கணக்குப்படி ஒரு மணி நேரம்கூட வராது. உண்மையில் அவ்வளவு கரண்ட்டை அதனால் ஒரேயடியாகத் தரவும் முடியாது. சிப்பிலேயே நுண் ஹீட்டர் செதுக்கிய வகை 15 மில்லிவாட்டில் ஓடுகிறது என்று வைத்தாலும் இரண்டு நாளில் பேட்டரி காலி. விட்டு விட்டுச் சூடேற்றினால் இன்னும் கொஞ்சம் தாங்கும். இன்னொரு தொல்லை: கூடையில் நாலு பழம் அழுகிப் புளிக்க ஆரம்பித்தால் வரும் ஆல்கஹால் ஆவியையும் இது சேர்த்துக் காட்டிவிடும்.

கார்பன் நானோ குழாய் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழல். அதற்குச் சூடே தேவையில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டிமோதி ஸ்வேகர் குழு 2012-ல் நானோ குழாயோடு ஒரு செம்புச் சேர்மத்தைக் கலந்தது. எத்திலீன் அந்தச் செம்பில் ஒட்டும்போது மின்தடை மாறும், 0.5 பிபிஎம் வரை பிடித்தது. 10 மைக்ரோவாட்டில் ஓட்ட முடிந்தால் அதே பட்டன் பேட்டரி கணக்குக்கு ஏழு வருடம் வரும், அதற்குள் பேட்டரியே கிழடாகிவிடும் என்பது வேறு விஷயம். குறை என்ன? ஈரப்பதம் கூடினால் அளவு பிசகும், காட்டும் எண்ணும் நாளாக ஆக நகர்ந்துகொண்டே போகும். கடையில் கேட்டால் சட்டென்று கிடைக்கிற சரக்கும் இல்லை.

அதனால் பழுக்க வைக்கும் அறைக்கு நான் டின் ஆக்சைடைத்தான் எடுப்பேன். அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறது, கரண்ட்டை மிச்சம் பிடித்து என்ன லாபம்? ஈரப்பதமோ 90 சதவீதத்தைத் தொடும். அளவும் 100 பிபிஎம் பக்கம், அரை பிபிஎம் நுணுக்கம் வேண்டாம். ராத்திரி சென்னைக்குக் கிளம்பும் லாரியில் கிரேட்டுக்குள் போடுவதற்கு மட்டும் நானோ குழாய்.

அளந்ததை அனுப்ப லோராவா (கொஞ்சம் கரண்ட்டில் வெகுதூரம் போகும் ரேடியோ), புளூடூத்தா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு எண் அனுப்புவது, ஹீட்டரோடு ஒப்பிட்டால் பேட்டரிக்குப் பெரிய செலவே இல்லை. லாரியில் டிரைவர் போனுக்கு புளூடூத் போதும். தோப்பு என்றால் லைசென்ஸ் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸில் லோரா.

லாரி குலுங்குவதிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்பார்கள். 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பியை வளைத்து மின்சாரம் எடுத்தது நிஜம். ஆனாலும் இந்த சீசனுக்குப் பட்டன் பேட்டரியே வாங்கிக்கொள்ளுங்கள்.